டாக்டர் ஞானதுரை டியூட்டியில் இருக்கிறார்

டெலிபோன் அலறியது.

காலை ஆறே முக்கால் மணி.

சங்குமேடு போலீஸ் ஸ்டேஷன் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மந்திரி வருகிறார் என்பதற்காக அவசரமாகச் சுண்ணாம்பு அடித்து, அவசரமாகக் கம்பி இழுத்து, ராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ஏட்டுகளை இரவல் வாங்கித் திறந்த ஸ்டேஷன். சப்-இன்ஸ்பெக்டர் சௌக்கத் அலி வேலூரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள். அந்த டெலிபோன் அவரைவிட ஒரு நாள் சீனியர்.

"சங்குமேடு ஸ்டேஷன்."

"சேர்மன் ரகுபதி பேசறேன். நீரூற்றுல ஒரு பொணம் கிடக்குது."

சௌக்கத் அலி பென்சிலை எடுத்தார்.

"யாரு சார்?"

"எங்க நகரசபை ஓவர்சியர். தவசிமுத்துன்னு பேரு. தண்ணிக் குழாய் அவன் பொறுப்பு. இங்க பாருங்க, சாயந்திரம் நாலு மணிக்கு மந்திரி வந்து பட்டனை அழுத்தப் போறாரு. நாலு மணிக்குள்ள பொணமும் இருக்கக் கூடாது, போலீசும் இருக்கக் கூடாது."

"கொன்னவன்?"

"அவனும்தான்."

லைன் அறுந்தது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே சங்குமேடு. ஒரு பக்கம் ரயில்வே யார்டு, ஒரு பக்கம் கடல். இடையில் கூரை வீடுகளும் மில் புகையும். அதன் நட்டநடுவில் வெள்ளைச் சலவைக்கல்லில் எழுந்து நின்றது நவபாரத நீரூற்று.

மூன்று அடுக்குத் தாமரை. நாலு மூலைக்கும் நாலு கல் யானை. தண்ணீருக்கு அடியில் கலர் கலராய் பல்புகள். இவ்வளவு பெரிய நீரூற்று பம்பாயில்கூடக் கிடையாது என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்கள்.

தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது.

அதில் காக்கிச் சட்டை போட்ட ஒரு மனிதர் குப்புற மிதந்துகொண்டிருந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யார்டில் கரி அள்ளுகிற முத்தம்மா. பக்கத்தில் ஒரு குடம்.

"முதல்ல பாத்தது நீதானாம்மா?"

"ஆமா சார். தண்ணி மொள்ள வந்தேன்."

"நீரூற்றுக்கா?"

"வேற எங்க சார் கீது தண்ணி? எட்டு மாசமா தெருக் கொழாய்ல வெறும் காத்துதான் வந்துகினு கீது. குட்டைத் தண்ணியக் குடிச்சிட்டு சனம் வாந்தியும் பேதியுமா சாவுது. இந்தத் தொட்டில எப்பனாச்சும் ரொப்பிப் பாப்பாங்க. காவக்காரன் அசந்தா ஒரு கொடம் எடுத்துக்குவோம்."

சௌக்கத் அலி குடத்தைப் பார்த்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது.

"பொணத்தப் பாத்த பிறகா மொண்டே?"

முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொண்ட அப்பாலதான் பாத்தேன் சார். கீழ ஊத்திடலாம்னுதான் தூக்கினேன். மனசு வர்ல."

சௌக்கத் அலி பேச்சை மாற்றினார்.

"வேற ஏதாவது பாத்தியா?"

"பாக்கல சார். ஆனா ஒண்ணு. இன்னிக்கி அஞ்சு மணிக்கி தெருக் கொழாய்ல தண்ணி வந்துச்சி. மெய்யாலும். சனம் பாயச் சுருட்டாம ஓடியாந்துச்சி. மூணு கொடம் ரொம்பிச்சி. நாலாவது என்னுது. நின்னு பூடுச்சி."

அஞ்சு மணிக்கு யாரோ திறந்திருக்கிறார்கள்.

உடனே யாரோ மூடியிருக்கிறார்கள்.

அதற்குள் சேர்மன் ரகுபதியின் கார் வந்து நின்றது. குளித்து, கஞ்சி போட்ட கதரில் இறங்கினார். பிணத்தைப் பார்க்கவில்லை. புல்லில் கிடந்த ஓர் இரும்புச் சாவியைக் காட்டினார். வால்வு திருகும் சாவி. நாலடி நீளம். அதன் தலையில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன.

"இது எத்திராஜோட சாவி. வால்வு திறந்து மூடற எத்திராஜ். நேத்து ஆபீஸ் வாசல்ல நின்னு ஓவர்சியரைத் தீத்துடுவேன்னு கத்தினான். நூறு பேர் கேட்டிருக்காங்க. அப்புறம் என்ன விசாரணை?"

ஏழரை மணிக்கு எத்திராஜ் லாக்கப்பில் இருந்தான்.

ஒல்லியான ஆள். கை மட்டும் இரும்பு. கண்ணில் பயம் இல்லை. பயப்படுவதற்குத் தெம்பில்லாத களைப்புதான் இருந்தது.

"ஓவர்சியரைத் தீத்துடுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"ஏன்?"

"போன வெள்ளிக்கெயம என் பொண்டாட்டி பேதில பூட்டா சார். ஊருக்கே தண்ணி வுட்டவன் நான். எட்டு மாசமா இந்தக் கையாலதான் மூடி வெச்சிக்கினு கீறேன். அந்த யானைங்க தும்பிக்கைல தண்ணி வரணும்னா தெருக் கொழாய மூடணும். ரெண்டுக்கும் ஒரே பைப்பு. பெரிய பைப்பு தனியா போட்றதா சொன்னாங்க. நீரூற்று கட்டி முடிச்சாங்க, பைப்ப மறந்துட்டாங்க."

"அதனால அடிச்சே?"

"இல்ல சார்." எத்திராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "காலைல நாலரைக்கி அவரே என் வூட்டாண்ட வந்தாரு. 'சாவியக் குடு எத்திராஜ், இன்னிக்கி நானே தொறக்கறேன், மந்திரி வந்து காஞ்ச யானையப் பாக்கட்டும், ஏன்னு கேப்பாரில்ல, அப்ப எல்லாத்தையும் சொல்லிடறேன்'னாரு. அழுதாரு சார். சாவிய நான்தான் எட்த்துக் குட்த்தேன்."

"நீயும் போனியா?"

"எனக்கு வயிறு செரியில்ல சார். படுத்துக்கினேன்."

சௌக்கத் அலி அவனையே பார்த்தார். பொய் சொல்கிறவன் சாவியைத் தன் கையால் கொடுத்ததாகச் சொல்ல மாட்டான்.

தெருக் குழாயில் தண்ணீர் வந்ததால் யாருக்கு நஷ்டம்? எத்திராஜுக்கா?

தொப்பியை எடுத்தார். நேராக சேர்மன் ஆபீசுக்கு நடந்தார்.

ரகுபதி வரவேற்புப் பத்திரம் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. அவன் ஒத்துக்கிட்டானா?"

"இல்ல சார். ஒரு கேள்வி. எல்லாரையும் கேக்கறதுதான். காலைல நாலரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் நீங்க எங்க இருந்தீங்க?"

ரகுபதியின் விரல் காகிதத்தில் அப்படியே நின்றது. அரை நொடிதான்.

பிறகு சிரித்தார்.

"நம்ம ஆஸ்பத்திரியில. விடிகாலைல வயித்துவலி. டாக்டர் ஞானதுரை ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் படுக்க வச்சாரு. எழுந்து வரும்போதுதான் நீரூற்றுப் பக்கம் கூட்டத்தைப் பாத்தேன். சந்தேகமா? இப்பவே கேளுங்க."

டெலிபோனை எடுத்துச் சுற்றினார். "ஆஸ்பத்திரிக்குக் குடு" என்றார். ரிசீவரை நீட்டினார்.

சற்று நேரம் இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"டாக்டர் ஞானதுரைதான் பேசுதேன்."

"நான் சப்-இன்ஸ்பெக்டர். காலைல சேர்மன் உங்ககிட்ட வந்தாரா டாக்டர்?"

"ஆமா. நாலரை மணிக்கு வந்தாவ. ஊசி போட்டேன். ஆறரைக்குத்தான் எந்திரிச்சுப் போனாவ."

"திருநெல்வேலிப் பக்கமா நீங்க?"

குரல் தயங்கியது.

"...ஆமா."

வைத்துவிட்டது.

"திருப்தியா?" என்றார் ரகுபதி.

திருப்தி இல்லை. ஆனால் ஒரு டாக்டரின் சாட்சிக்கு எதிராக மூணு குடம் தண்ணீரை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் டெலிபோனில் வந்தார். மந்திரியின் பந்தோபஸ்துக்காகக் கோட்டையில் நின்றுகொண்டிருந்தவர்.

"சாவி வால்வுக்காரனுது. மிரட்டினது வால்வுக்காரன். சேர்மனுக்கு டாக்டரே சாட்சி. இன்னும் என்னய்யா யோசனை? மத்தியானத்துக்குள்ள ரிமாண்டுக்கு அனுப்பு."

"எஸ் சார்."

சௌக்கத் அலி பேனாவை மையில் தொட்டார். எத்திராஜின் பெயரை எழுதினார். கீழே கொலைக் குற்றப் பிரிவு 302 என்று எழுத வேண்டும். மூன்று போட்டார். பேனா அதற்கு மேல் நகரவில்லை.

"சார்..."

லாக்கப்பிலிருந்து ஏட்டு ஓடி வந்தார்.

"அவன் வாந்தி எடுக்கறான் சார். நிக்க மாட்டேங்குது. கை கால் இழுக்குது."

எத்திராஜ் தரையில் சுருண்டு கிடந்தான். கண் குழிந்திருந்தது. கையைத் தொட்டால் ஜில்லென்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

காலரா.

"ஜட்கா வண்டியக் கூப்பிடுங்க," என்றார் சௌக்கத் அலி. "பயப்படாதய்யா எத்திராஜ். இங்க நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு. காலைலதான் பேசினேன்."

எத்திராஜ் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். எதற்கு என்று அப்போது அவருக்குப் புரியவில்லை.

நகரசபை ஆஸ்பத்திரி வாசலில் பெயிண்ட் வாசனை போகாத ஒரு போர்டு.

டாக்டர் ஞானதுரை, எம்.பி.பி.எஸ். டியூட்டியில் இருக்கிறார்.

சௌக்கத் அலி எத்திராஜைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

நின்றார்.

கட்டில் ஆறு. தரையில் பதினாலு பேர். கிடைத்த சாக்கில், கிடைத்த பாயில். ஓர் ஓரமாக ஸ்டவ்வில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி. நர்ஸ் ஃப்ளோரன்ஸ். ராயபுரத்துக்காரி. அவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ.

"டாக்டர் எங்க?"

"காசிமேட்டுல."

"எப்ப வருவாரு?"

"கடைசி நாள் எக்காளம் ஊதும்போது."

"விளையாடாதீங்க சிஸ்டர். ஆள் செத்துக்கிட்டு இருக்கான்."

ஃப்ளோரன்ஸ் எத்திராஜைப் பாயில் கிடத்தினாள். சலைன் பாட்டிலை ஆணியில் மாட்டினாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை நரம்பைப் பிடித்தாள். துளி இறங்க ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நான் விளையாடல சார். டாக்டர் ஞானதுரை செத்து ஆறு மாசம் ஆச்சு. போன காலராவுல இங்கயே ராப்பகலா நின்னாரு. அதுவே அவரையும் கொண்டு போயிடுச்சு. காசிமேட்டுக் கல்லறையில நான்தான் மண்ணு போட்டேன்."

சௌக்கத் அலி வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

"காலைல... நான் அவரோட டெலிபோன்ல பேசினேன்."

ஃப்ளோரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வந்தவரோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"இந்த ஆஸ்பத்திரில டெலிபோனே கிடையாது சார்."

"அந்த போர்டு?"

"போன வாரம் புதுசா பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாங்க. மந்திரி கார் இந்த வழியாதான் போகுமாம். டாக்டர் இல்லைன்னு மேல எழுதினா ஏன் செத்தாருன்னு கேப்பாங்க. காலரான்னு சொன்னா தண்ணி எங்கன்னு கேப்பாங்க. அதனால ஆபீஸ் ரிக்கார்டுல அவர் இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுதான் இருக்காரு. நானும் மனு மேல மனு போட்டுட்டேன். உயிரோட ஒரு டாக்டர் குடுங்கன்னு."

சேர்மன் எவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருக்கிறார். மறுத்துப் பேச முடியாத சாட்சி. இன்று சாயங்காலம் வரை தாங்கினால் போதும். நாளைக்கு எத்திராஜ் ஜெயிலில், ஃபைல் பீரோவில்.

அப்படியானால் டெலிபோனில் பேசியது யார்?

சௌக்கத் அலி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஏட்டிடம் கொடுத்தார்.

'கைதி சாகும் தறுவாயில். டாக்டர் ஞானதுரை உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் நாலு மணிக்கு மேடைக்கு வந்து மந்திரியிடமே கேட்டுக்கொள்கிறேன்.'

"சேர்மன் கையில குடுங்க. டாக்டர் எங்க இருக்காருன்னு தெரியல, சிஸ்டரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லுங்க. முகத்தை அப்பாவியா வச்சுக்கிட்டு."

"அது எனக்கு எப்பவும் அப்படித்தான் சார் இருக்கும்," என்றார் ஏட்டு.

மணி இரண்டு.

இரண்டரை.

எத்திராஜின் நாடி நூல் மாதிரி ஓடியது. ஃப்ளோரன்ஸ் அவன் மணிக்கட்டை விடவில்லை.

"சிஸ்டர், வர்றவன்கிட்ட ஒரு ஊசியைக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"எத்திராஜ் உடம்புல கத்துக்குட்டி ஊசி படாது சார். படவும் விட மாட்டேன்."

"படாது. குத்தறதுக்கு முன்னால அவனே விழுந்துடுவான்."

ஃப்ளோரன்ஸ் யோசித்தாள். சலைன் ஏறிக்கொண்டிருந்த இடது கையைப் போர்வைக்குள் மறைத்தாள். பாட்டிலுக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்க விட்டாள்.

மணி மூன்று. வாசலில் சேர்மனின் கார்.

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். யாருடையதோ கோட், முழங்கால் வரை தொங்கியது. நாற்பது வயது ஆள். முகமெல்லாம் வியர்வை.

"நோயாளி எங்க கெடக்காவ?"

அதே குரல்.

சௌக்கத் அலி எழுந்து சல்யூட் அடித்தார்.

"வாங்க டாக்டர். நல்ல நேரத்துல வந்தீங்க. நரம்பு கிடைக்க மாட்டேங்குது. ஆள் போயிடுவான்."

"கையெழுத்து... கையெழுத்துப் போட்டா போதும்னு சொன்னாவ."

"உயிர் இருக்கும்போதே எதுக்கு டாக்டர் கையெழுத்து? முதல்ல ஊசி."

ஃப்ளோரன்ஸ் தட்டை நீட்டினாள். நீளமான ஊசி, பளபளவென்று.

அவன் எடுத்தான். எத்திராஜின் வலது கையைத் தொட்டான். ஐஸ் மாதிரி இருந்த கை. தரையில் கிடந்த பதினாலு பேரும் அவனையே பார்த்தார்கள். டாக்டர் வந்துவிட்டார் என்று ஒரு கிழவர் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் அவனை உடைத்தது.

ஊசி கீழே விழுந்தது. அவன் முழங்கால் மடிந்து உட்கார்ந்தான்.

"என்னால முடியாது. நான் டாக்டர் இல்ல. ஆபீஸ் கிளார்க்கு. பேரு ஜெயக்கொடி."

"காலைல டெலிபோன்ல?"

"பக்கத்து ரூம்ல இருந்துதான் பேசுனேன். சேர்மன் சொல்லச் சொன்னாவ."

"தவசிமுத்துவை அடிச்சது?"

ஜெயக்கொடி முகத்தை மூடிக்கொண்டான்.

"நீரூற்றை ஓட்டிப் பாக்கப் போனோம், அஞ்சு மணிக்கு. தவசிமுத்து அங்கன நின்னாரு. தொட்டி காஞ்சு கெடந்துது. தெருவுக்குத் தொறந்து விட்டுட்டேன், இனிமே மூட மாட்டேன், மந்திரிகிட்ட சொல்லப் போறேன்னாரு. சேர்மன் சாவியைப் புடுங்கி ஒரே அடி. அவரு தொட்டிக்குள்ள விழுந்தாரு."

"அப்புறம்?"

"தெரு வால்வை மூடிட்டு நீரூற்றுக்குத் தொறந்து விடுன்னாவ. தொறந்தேன். தண்ணி ஏறுச்சு. அவரு மூக்கு வரைக்கும் ஏறும்போது..." குரல் உள்ளே போயிற்று. "கொப்புளம் வந்துது சார். உசிரு இருந்துருக்கு. நான் பாத்தேன். பாத்துட்டும் மூடல."

ஃப்ளோரன்ஸ் எத்திராஜின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"இவனுக்கு நாடி திரும்புது சார்."

எத்திராஜ் கண் விழித்திருந்தான். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கண்ணோரம் நனைந்திருந்தது. சௌக்கத் அலி குனிந்தார்.

"எத்திராஜு, தெரு வால்வு எப்படித் திறக்கறது?"

"பம்பு ரூம் பின்னால... ரெண்டு மூடி கீது சார். கடலாண்ட கீறது தெருவுது. எடப்பக்கம் பதினாலு சுத்து. இன்னொண்ண... முழுசா மூடணும்."

"வேற சாவி இருக்கா?"

"என் வூட்டு... கூரைல சொருகி வெச்சிக்கீறேன்."

நாலு மணி.

பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. மேடையில் மந்திரிக்கு ரோஜா மாலை. மேடைக்கு முன்னால் மில் முதலாளிகள், துறைமுக அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சங்குமேடு.

தொட்டியை இறைத்துக் கழுவி, ஈரம் காயத் துடைத்து வைத்திருந்தார்கள். காலையில் அங்கே ஒரு மனிதர் மிதந்ததற்கு அடையாளமே இல்லை.

ரகுபதி மைக்கில் முழங்கினார்.

"இந்த நீரூற்று நம் மக்களின் தாகத்துக்கு..."

மந்திரி பட்டனை அழுத்தினார்.

கலர் பல்புகள் எரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம்.

தண்ணீர் வரவில்லை.

மந்திரி இன்னொரு தடவை அழுத்தினார். ஒரு யானையின் தும்பிக்கை இருமிற்று. கொஞ்சம் துரு கொட்டியது. அவ்வளவுதான்.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம். முதலில் ஒரு தெருவிலிருந்து. பிறகு எல்லாத் தெருவிலிருந்தும். குடங்கள் மோதுகிற சத்தம். பெண்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் மந்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"என்னய்யா அது?" என்றார் மந்திரி.

பதில் சொல்ல ரகுபதி மேடையில் இல்லை. பம்பு ரூமுக்குப் பின்னால் ஓடியிருந்தார்.

அங்கே வால்வு மூடியின் மேல் முத்தம்மா உட்கார்ந்திருந்தாள், சாவியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு. பக்கத்தில் ஏட்டு. எதிரே விலங்குடன் சௌக்கத் அலி.

"எந்திரிடி," என்றார் ரகுபதி.

"எந்திரிக்க மாட்டேன்," என்றாள் முத்தம்மா. "எம் பின்னால இன்னும் நூறு கொடம் நிக்கிது."

ரகுபதி சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"உன் தொப்பி நாளைக்கு இருக்காது. என்னன்னு நெனச்சே? நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். டாக்டரோட நீயே பேசினே."

"பேசினேன் சார். இப்ப ஸ்டேஷன்ல உக்காந்து வாக்குமூலம் எழுதிக்கிட்டு இருக்காரு. எழுத்து முத்து முத்தா இருக்கு. கிளார்க்கு இல்லையா."

ரகுபதியின் முகம் வெளிறிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை நெஞ்சுக்குப் போனது. மணிக்கட்டில் விலங்கு விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நெஞ்சு... நெஞ்சு வலிக்குதுய்யா. டாக்டரைக் கூப்பிடு. சீக்கிரம்."

சௌக்கத் அலி அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஜட்காவில் ஏற்றினார்.

"கூப்பிட்டா வர மாட்டாரு சார். உங்க ஊர் டாக்டரைப் பாக்கணும்னா நாமதான் காசிமேட்டுக்குப் போகணும்."